இக்லாலின் பெயரில் விழுந்த ஓட்டை

மயக்க மருந்தில் நினைவின்றிக் கிடக்கும் ஒரு பெண்மணி, அதே நேரத்தில் நகரத்தின் மறுகோடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் முதுகெலும்பில் ஓட்டை போட முடியுமா? முடியும் என்றது ஒப்பந்தம். ஒப்பந்தங்களுக்கு மருத்துவம் தெரியாது. மனமும் கிடையாது. இக்லாலின் பித்தப்பையை எடுத்த அதே முற்பகலில், இக்லாலின் பெயரால் அந்த மண்டபத்தின் பெரிய பீமில் ஏசி குழாய் போகும் அளவுக்கு ஓர் ஓட்டை கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது. உடம்பில் ஒன்று, ஊரில் ஒன்று.

இக்லால் தர்வீஷை அலெக்ஸாந்திரியாவின் கட்டடத் தொழிலில் தெரியாதவர்கள் குறைவு. அப்பா ராம்ல் ட்ராமில் கண்டக்டர். மகள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, டிக்கெட் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் "என் பொண்ணு இன்ஜினியர் இக்லால்" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். பட்டம் வாங்கும் முன்பே மகளைப் பாதி ஊருக்கு இன்ஜினியராக்கிவிட்டிருந்தார். பொறியாளர் சங்கத்தின் பதிவேட்டில் அவள் பெயர் ஏறிய அன்று, அந்த மனிதர் ட்ராமை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்ல மறந்து, ஒரு வண்டி ஜனத்தையும் கடைசி நிறுத்தம் வரை கொண்டுபோய்விட்டார். திட்டு வாங்கியபடியே சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர் மட்டும் இருந்தது. அதை இக்லால் கண்ணாடிப் பாத்திரத்தைப் போலக் காத்து வந்தாள்.

வேலை என்ன என்று யாராவது கேட்டால், "சண்டை தீர்க்கிறது" என்பாள். பொய்யில்லை. கட்டடம் எழும்பும் முன்பே அதைக் கணினிக்குள் முழுதாக எழுப்பிவிடுகிறார்கள்: தூண், பீம், தண்ணீர்க் குழாய், ஏசி குழாய், மின்கம்பி எல்லாம். எந்தக் குழாய் எந்த பீமில் போய் முட்டுகிறது என்று பார்த்து, ஒன்றை நகர்த்தி மற்றதைச் சமாதானப்படுத்துவது இக்லாலின் பிழைப்பு. நாற்பதைத் தாண்டிய வயதில், கூடப் படித்த ஆண்கள் "சின்னப் பசங்க விளையாட்டு" என்று ஒதுக்கிய அந்த வேலையை ஒற்றை ஆளாக உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். ஊரிலுள்ள குழாய்களுக்கெல்லாம் வழி கண்டுபிடித்தவளுக்கு, வீட்டுக்குப் போனால் முட்டிக்கொள்ளக்கூட ஓர் ஆள் இல்லை.

இருந்திருக்க வேண்டிய ஆள் வக்தி. கல்லூரிக் காதல். மோதிரம் மாற்றியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன், இதெல்லாம் பெண்ணுக்கே சொந்தம் என்று மாப்பிள்ளை கையெழுத்திட வேண்டிய வீட்டுச் சாமான் பட்டியலில், குளிர்சாதனப் பெட்டி எழுதியிருந்த வரியைப் பார்த்து வக்தியின் தாயார் மூக்கைச் சுளித்தார். இரண்டு குடும்பமும் கத்திற்று. வக்தி கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கூரையில் ஒரு பல்லி இருந்தது. அன்று வக்தியைவிட அந்தப் பல்லி அதிகம் பேசிற்று என்று இக்லாலின் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மோதிரம் திரும்பிப் போனது. இருவருமே அதன்பின் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஊர் அதற்குச் சொன்ன காரணங்களை எழுதினால் தனிக் கதையாகிவிடும்.

இக்லால் ஹாஜி ஷல்தூத்தின் கட்டட நிறுவனத்தில் சேர்ந்தாள். வக்தி, டாக்டர் ஃபஹீமின் வடிவமைப்பு அலுவலகத்தில். ஊர் பெரிதுதான், ஆனால் கட்டடக்காரர்களின் ஊர் சின்னது. கல்யாண மண்டப வேலையில் இரண்டு அலுவலகமும் எதிரெதிரே வந்து நின்றன.

ஹாஜி ஷல்தூத் பாறை மாதிரி மனிதர். இத்தனை தளவாடம் வாங்கியவர், கணினி மாடலுக்குள் நுழையும் அனுமதியை மட்டும் ஒரே ஒரு பெயருக்குத்தான் வாங்கினார்.

"ஒரு வீட்டுக்கு எத்தனை வாசல் வேணும்? ஒண்ணு போதாதா?" என்றார். "இக்லால்தான் பதிவான இன்ஜினியர். எல்லாரும் அவ வாசல் வழியா வாங்க, போங்க."

அப்படியே வந்தார்கள், போனார்கள். ஏசி வேலை பார்க்கும் ஹமூதா, கம்பிக்காரர், தச்சு வேலைக்காரர், ஹாஜியின் மைத்துனன்கூட. கடவுச்சொல்லை அலுவலகச் சமையலறையில் தேநீர்த் தட்டுக்கு மேலே சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு இக்லாலாக மாறவும் தெரியும்.

எதிர் அலுவலகத்திலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. டாக்டர் ஃபஹீம் பேராசிரியராக இருந்தவர், எண்பதை நெருங்குகிறவர். அவருடைய அலுவலகத்திலிருந்து அவர் பெயரில்லாமல் ஒரு வரி வெளியே போனால் அது மரியாதைக் குறைவு. அதனால் எல்லாரும் டாக்டர் ஃபஹீமாகவே உள்ளே நுழைந்தார்கள். டாக்டர் மக்காவில் உம்ரா செய்துகொண்டிருந்த வேளையில் கழிவறைக் குழாய்க்கு ஒப்புதல் தந்திருக்கிறார். அதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை.

ஒருநாள் மாடலில் ஒரு தூணின் மேல் டாக்டர் ஃபஹீமின் பெயரில் ஒரு குறிப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

"இந்தக் குழாய்க்கு இந்தத் தூணைக் கடந்து போக மனம் வரவில்லை. சில மனிதர்களைப் போல."

இக்லால் அதை இரண்டு முறை படித்தாள். அந்தப் பெருமூச்சு அவளுக்குப் பழக்கமானது. கல்லூரிக் காலத்தில் கான்கிரீட் பாடக் குறிப்பின் ஓரங்களில் எல்லாம் அது எழுதப்பட்டிருந்தது. கண்ணில் நீர் திரண்டது. திரண்டதை உள்ளே அனுப்பிவிட்டு, "தீர்க்கப்பட்டது" என்ற பொத்தானை அழுத்திக் குறிப்பை மூடினாள். அடுத்த வாரம் இன்னொன்று. மூடினாள். அடுத்தது மாடிப்படியின் மேல். அதையும் மூடினாள். ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. மூடியதை மறுபடி திறந்து பார்க்கவுமில்லை. திறந்தால் தன்னால் மூட முடியாதோ என்ற பயம். அந்தப் பயத்தை அவள் சுயமரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் பித்தப்பை வந்தது, ஓட்டை வந்தது, கான்கிரீட் ஊற்றினார்கள். பலகையைப் பிரித்தபோது, பீம் சுவரைத் தொடும் இடத்தில், ஓட்டையின் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக ஏறிப் போனது. பீமில் ஓட்டை போடக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த இடம்தான். தாங்குவதற்குப் புதிய தூண் ஒன்று வேண்டும் என்றார்கள். அந்தத் தூண் மணமேடைக்கு நேர் முன்னால் வந்தது.

"மாப்பிள்ளை பொண்ணைப் பார்க்கணும்னா தூணைச் சுத்தி வரணுமா?" என்று மண்டபத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஹாஜி இக்லாலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தானே எழுந்து கதவைச் சாத்தினார். அது நல்ல சகுனமில்லை.

"உட்காரும்மா. தேநீர் குடி."

"சொல்லுங்க ஹாஜி."

"டாக்டர் ஃபஹீம் ஆளுங்க காண்ட்ராக்ட்டைத் தூக்கிக் காட்டறாங்க. மாடல் சும்மா பார்க்கறதுக்குத்தானாம். கையெழுத்துப் போட்ட தாள் படம்தான் நிஜமாம். தாள்ல ஓட்டை இல்ல. நாம மாடலைப் பார்த்துக் கட்டினது நம்ம தப்பாம்."

"மாடல்ல அந்த ஓட்டைக்கு ஒப்புதல் கொடுத்தது அவங்கதானே ஹாஜி?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அதுக்கு ஒரு விதி காட்டறாங்க. எந்தப் பேர்ல உள்ள நுழைஞ்சாலும் அந்தப் பேருக்குரியவர் செஞ்சதாத்தான் அர்த்தமாம். ஓட்டை கேட்டது இன்ஜினியர் இக்லாலாம்."

"நான் அன்னைக்கு ஆஸ்பத்திரியில வயித்தைத் திறந்து போட்டுக் கிடந்தேன்!"

"எனக்குத் தெரியாதா? நானே ஆரஞ்சு வாங்கிக்கிட்டு வந்து பார்த்தேனே!" ஹாஜி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து. 'என் தனிப்பட்ட தவறு'ன்னு. கம்பெனி தப்பிச்சிரும். உன் வேலை எங்கேயும் போகாது, என் கண்ணு மேல ஆணை."

"என் வேலை போகாது. சங்கத்துப் பதிவேட்டுல என் பேரு?"

ஹாஜி ஜெபமாலையை உருட்டினார்.

"பேரு என்னம்மா பேரு... நீ எப்பவுமே எங்களுக்கு இன்ஜினியர்தான்."

இக்லால் எழுந்துவிட்டாள். ட்ராமில் டிக்கெட் கிழித்த கைகள் அவள் கண்முன் வந்து நின்றன. "ஹாஜி, எங்கப்பா ஒரு வண்டி ஜனத்தைக் கடைசி ஸ்டாப்புக்குக் கூட்டிக்கிட்டுப் போனது இதுக்கில்ல" என்றாள். ஹாஜிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

நேரே போனது ஹமூதாவிடம். அவன் மேசையில் ஈரல் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"ஹமூதா. ஓட்டை யாரோடது?"

ஹமூதாவின் தாடை நின்றது. அலுவலகத்தில் இளையவர்களுக்கு அவள் 'அப்லா', அதாவது அக்கா. "அப்லா... குழாய் வேற எங்கயும் போகலை. நீங்க இருந்தா உங்களைக் கேட்டிருப்பேன். நீங்க இல்லை. அதனால நீங்களா ஆயி, நானே கேட்டேன்."

"நானா ஆயி!"

"நீங்க கேட்டா அவங்க மறுக்கறதில்லையே, அப்லா. உங்க பேருக்கு ஒரு ராசி."

அவள் அவனை நகரச் சொல்லிவிட்டு மாடலைத் திறந்தாள். அந்த நாளுக்குப் போனாள். பீமின் மேல் அவள் பெயரில் ஓட்டைக் கோரிக்கை. அதன் கீழே டாக்டர் ஃபஹீமின் பெயரில் பதில்:

"யாருடா கழுதை நீ? இக்லால் இன்று அறுவை சிகிச்சையில் இருக்கிறாள். அவள் பெயரில் வந்து ஓட்டை கேட்கிறாய். அவள் இருந்தால் இந்த இடத்தில் கேட்பாளா? என் உயிர் அங்கே படுத்திருக்கிறது. இன்று எனக்குக் கணக்குப் பார்க்கும் நிலை இல்லை. போட்டுத் தொலை. ஒப்புதல்."

இக்லால் நாற்காலியில் சாய்ந்தாள். அவளைக் காப்பாற்றும் வரிகள் அவை. கேட்டது அவளல்ல என்று எதிர்த்தரப்புக்கு அன்றே தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் சபையில் இதைப் படித்தால், 'என் உயிர்' என்ற இடத்தை மட்டும் இருமி மறைத்துவிட முடியாது. ஒன்றைத் திறந்தால் எல்லாக் குறிப்புகளும் திறக்கும். ஒரு பக்கம் பெயர். மறுபக்கம், இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் பூட்டி வைத்த மானம்.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. பித்தப்பை இல்லாதவர்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் ஒரு தட்டு ஃபூல் பயற்றுக் கூட்டு தின்றுவிட்டு முடிவெடுத்தாள்.

நீதிமன்றத்துக்குப் போகும் முன் இருதரப்பும் ஒரு நடுநிலைப் பொறியாளரிடம் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அவர் இன்ஸாஃப் அம்மா. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்றால் ஒப்பந்தக்காரர்களின் முழங்கால் கழன்றுவிடும். நீள மேசையின் இந்தப் பக்கம் ஹாஜி, இக்லால். அந்தப் பக்கம் காதுக் கருவியோடு டாக்டர் ஃபஹீம், அவருக்கு அடுத்து வக்தி. தலை நரைத்திருந்தது. அதே கண்கள், இப்போதும் கூரையைப் பார்த்தன. மாடலைச் சுவரில் காட்டுவதற்கு மடிக்கணினியோடு ஓரத்தில் ஹமூதா.

இக்லால் எழுந்து, அந்த நாளின் குறிப்பைக் காட்டச் சொன்னாள். இன்ஸாஃப் அம்மா அதை உரக்கப் படித்தார். 'என் உயிர்' வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் படித்தார்.

"டாக்டர் ஃபஹீம், இது நீங்க எழுதினதா?"

"என்ன?"

"இந்த அம்மாவை 'என் உயிர்'னு நீங்க எழுதினீங்களான்னு கேக்கறேன்!"

டாக்டர் காதுக் கருவியைத் திருகினார். "நானா? யா லத்தீஃப்! என் பொண்டாட்டிக்கே நான் இப்படி எழுதினதில்லையே! அவ காதுல விழுந்தா இந்த வயசுல என்னைத் தள்ளி வச்சிருவா!"

"அப்ப இது முன்னாடியும் இப்படித்தான் நடந்திருக்கா? ஹமூதா, ஆரம்பத்துலேர்ந்து எல்லாக் குறிப்பையும் காட்டு. ரெண்டு ஆபீசும் எப்படிப் பேசிக்கிட்டீங்கன்னு நான் பார்க்கணும்."

"எல்லாமா அம்மா?" என்றான் ஹமூதா. அவன் நெற்றி வேர்த்தது.

சுவரில் தூணும் குழாயும் வந்தன. அதன் கீழே, மூடிய பிறகு எழுதப்பட்ட ஒரு பதில். இக்லாலின் பெயரில். "தூணே, நானும் காத்திருக்கிறேன்."

இக்லால் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மாடிப்படி வந்தது. "உன் எழுத்தைப் பார்த்தால் என் நெஞ்சுக்குள் ஏசி ஓடுகிறது." அதுவும் இக்லாலின் பெயரில். ஹாஜி ஷல்தூத் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அடுத்தது சமையல்கூடம்: "வெள்ளிக்கிழமை அன்ஃபூஷியில் மீன் சாப்பிடலாமா?" இதுவும் அவள் பெயரில்தான்.

அறையே அவளைப் பார்த்தது. பூமி பிளக்கவில்லை. அலெக்ஸாந்திரியாவின் பூமி தேவைப்படும்போது பிளப்பதில்லை.

நாற்காலி நகரும் சத்தம். வக்தி எழுந்திருந்தான்.

"டாக்டர் பேர்ல எழுதினது நான்" என்றான். 

"உட்காருடா!" என்றார் டாக்டர் ஃபஹீம்.

"உட்கார மாட்டேன் சார். நாங்க எல்லாருமே டாக்டர் பேர்லதான் போறோம். அவங்க எல்லாரும் இக்லால் பேர்ல வர்றாங்கன்னும் எங்களுக்குத் தெரியும். அந்த ஓட்டையை அவ கேக்கலைன்னு தெரிஞ்சேதான் ஒப்புதல் கொடுத்தேன். கணக்கும் பார்க்கலை. தப்பு என்னோடது. அவ பேரைத் தொடாதீங்க."

ஹாஜி கர்ச்சீப்பை இறக்கினார். வக்தி இக்லாலின் பக்கம் திரும்பினான். "ஆனா... அந்த வெள்ளிக்கிழமை நான் மீன் கடை வாசல்ல மழையில நின்னேன் இக்லால். சாயங்காலம் வரைக்கும். நீ ஏன் வரலை?"

"நான் ஒரு வரிகூட எழுதலை வக்தி."

"பின்ன யாரு?"

மூலையில் ஹமூதா இருமினான்.

"மன்னிச்சிருங்க சார். நீங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருந்தீங்க, அப்லா பாட்டுக்கு மூடிக்கிட்டே இருந்தாங்க. எங்க ஆபீஸ் மொத்தமும் படிச்சிச்சு. எங்களால தாங்க முடியலை. அந்த ஏசி வரி மட்டும் ஹாஜியோட மைத்துனர் சொன்னது."

"மழையில நின்னேன்டா நான்!"

"குடை கொண்டுபோகச் சொல்லி எழுதியிருக்கணும் சார். தோணலை."

இன்ஸாஃப் அம்மா மேசையைத் தட்டினார். அவருக்கும் சிரிப்பை அடக்குவது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தீர்ப்பு சொன்னபோது குரலில் சிரிப்பில்லை. இரண்டு அலுவலகத்தாரும் தெரிந்தே மற்றவர் பெயருக்குள் ஒளிந்து வேலை செய்திருக்கிறார்கள். கேட்டவன் ஒருவன், கொடுத்தவன் இன்னொருவன், பெயர் மட்டும் வேறு இருவருடையது. பெயருக்குரியவர் செய்ததாகவே கொள்ளும் விதியை இரண்டு பேருமே நாள்தோறும் மீறிவிட்டு, இப்போது ஒரு பெண்ணின் மேல் மட்டும் அதை ஏவ முடியாது. பீமை வலுப்படுத்தும் பொறுப்பு இரண்டு நிறுவனத்துக்கும். தூண் வேண்டாம், பீமுக்கு இரும்புக் கவசம் போடலாமா என்று பாருங்கள். சங்கத்துக்கு இக்லாலின் பெயர் போகாது.

 இக்லால் நன்றி சொல்ல வாய் திறந்தாள்.

"இன்னும் முடியலை" என்றார் இன்ஸாஃப் அம்மா. "உன் பேர்ல இருக்கற ஒவ்வொண்ணையும் பார்த்து, எது உன்னோடது, எது இல்லைன்னு குறிச்சுக் கொடு. உன் பேர்ல இன்னொருத்தர் செஞ்சதை நீ தள்ளலாம். இல்ல, ஏத்துக்கலாம். ஏத்துக்கிட்டா, அது அன்னைக்கே நீயே செஞ்சதாத்தான் சட்டம் எடுத்துக்கும். அதனால யோசிச்சு எழுது."

பக்கத்து அறையில் உட்கார்ந்து அவள் குறிக்கத் தொடங்கினாள். அலமாரி வாசல்: என்னுடையது அல்ல. தண்ணீர்த் தொட்டி: என்னுடையது. பெரிய பீமின் ஓட்டை: என்னுடையது அல்ல, ஏற்கவுமில்லை. அதன் கீழே இரண்டு முறை கோடு இழுத்தாள்.

வக்தி வாசலில் வந்து நின்றான். "டாக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாரு."

"நல்லதுதான். அவர் பேர்ல எழுதி எழுதி உனக்கு முதுகு வளைஞ்சு போச்சு." அவள் தலை நிமிரவில்லை. "உட்காரு. இங்க கூரையில ஒண்ணும் இல்ல, பார்க்காதே."

உட்கார்ந்தான். அவள் எழுதுவதைத் தலைகீழாகப் படிக்க முயன்றான். தூணுக்கான பதில் வந்தது. "என்னுடையது அல்ல" என்று எழுதினாள். அவன் முகம் வாடியது. நெஞ்சுக்குள் ஓடிய ஏசி வந்தது. "என்னுடையது அல்ல. அருவருப்பானது" என்று எழுதினாள்.

மீன் வந்தது.

பேனா நின்றது. சன்னலுக்கு வெளியே கடல் சாலையில் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. ஒரு பெண் இத்தனை வருஷம் மூடி வைத்தது ஒரு கட்டத்துக்குள் அடங்குமா என்று யாராவது கேட்டிருந்தால், அவள் அழுதிருப்பாள். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

எழுதி முடித்துத் தாளை இன்ஸாஃப் அம்மாவிடம் நீட்டினாள். அவர் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"'எழுதியது நான் அல்ல. ஏற்றுக்கொள்கிறேன்.' இதென்ன, மீனுக்கு?"

"மீனுக்கு மட்டும்தான் அம்மா. தூணு, ஏசி எல்லாம் தள்ளுபடி."

"அந்த வெள்ளிக்கிழமை போயிருச்சே?"

"குறிப்புல எந்தத் தேதின்னு எழுதலை அம்மா, வெள்ளிக்கிழமைன்னுதான் இருக்கு" என்றாள் இக்லால். "அது வாராவாரம் வருது."

இன்ஸாஃப் அம்மா தாளின் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.